மச்சச் சுவரும் சைவச் சுவரும்

தம்பி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கடதாசி பற்றி எரிந்திருக்கும். அதனால் இரண்டு நாள் பொறுத்து, முழுகி, வயிறாரச் சாப்பிட்டு, கோபம் ஆறின பிறகு இதை எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நீ எடுத்த வீட்டில் சமைக்கிற குசினி காணாதாம். ஒருவர் நின்றால் மற்றவர் திரும்ப ஏலாதாம். பானை சட்டி வைக்க இடமில்லாமல் புவனம் படுகிற பாட்டைப் பார்க்க உனக்குச் சகிக்கவில்லையாம். ஆகையால் தை பிறக்க அவளை இங்கே ஊருக்கு அனுப்பிவிட்டு, நீ பழையபடி கந்தோரில் கூட வேலை செய்கிற நண்பர்களோடு ஒரு அறையில் இருந்துகொள்ளப் போகிறாயாம். கலியாணம் முடித்து நாலு மாதம் ஆகவில்லை. அதற்குள் பெண்டாட்டியை ரயிலேற்றி அனுப்புவதற்கு ஒரு குசினியைச் சாட்டுகிறாய். நல்லாயிருக்கு!

நாலு முழ அகலம், ஐந்து முழ நீளம் என்று நிலத்தை அளந்து எழுதியிருக்கிறாய். இங்கிலிசு படித்த என் பிள்ளை, துரைமாருக்குக் கணக்கு எழுதுகிற பிள்ளை, சுவரை அளந்தாயா? நாலு பக்கமும் உன்னைவிட உயரமாகச் சுவர் நிற்கிறது. அதில் என்ன கிடக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றும் கிடக்காது, எனக்குத் தெரியும். உன் அப்பாவும் அப்படித்தான், நிலத்தை மட்டும்தான் பார்ப்பார். சுவரைப் பார்க்க எனக்கே ஒரு பெரிய அவமானம் வேண்டியிருந்தது. அதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அந்த விஷயத்தில் கடைசியில் வென்றவள் நான்.

உன் அம்மப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். புத்தூரில் இருந்த ஒரே வளவை மூன்றாகப் பிரித்து, மூன்று வீடு கட்டி, ஆளுக்கொன்றாகச் சீதனம் எழுதினார். மூத்தவர்கள் இருவருக்கும் நன்றாகத்தான் கட்டினார். கடைசியாக என் முறை வந்தபோது அவருக்குக் கை களைத்துப் போய்விட்டது. எனக்கு ஒரு அறை, ஒரு விறாந்தை, வேலிக்கும் கிணற்றுப் பாதைக்கும் நடுவே மிஞ்சிய துண்டில் ஒரு குசினி. அம்மி ஒரு மூலை, உரல் ஒரு மூலை, அடுப்பு ஒரு பக்கம். மிச்சத்தில் நான் குந்தியிருந்தால் சரி. சுளகு, கடகம், பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, தேங்காய்த் திருவலை, பானை எல்லாம் நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அடியில் கிடக்கிறதை எடுக்க மேலே கிடக்கிற பத்தையும் இறக்க வேண்டும். என் மாமி, அதாவது உன் அப்பாவின் தாய், அளவெட்டியில் நடுவில் முற்றம் வைத்த பெரிய நாற்சார் வீட்டில் இருந்தவர். முதல் முறை என் குசினி வாசலில் வந்து நின்று, உள்ளே கால் வைக்காமலே கேட்டார்: "பிள்ளை, உது குசினியோ குருவிக்கூடோ?"

இடம் காணாதது மட்டுமென்றால் எப்படியோ சமாளித்திருப்பேன். எங்கள் வீடுகளின் வழக்கம் உனக்குத் தெரியும். மீன் காய்ச்சும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிக்குச் சைவச் சட்டி வேறு. அகப்பை வேறு, மூடி வேறு. வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் மச்சப் பாத்திரம் கண்ணிலேயே படக்கூடாது. அளவெட்டியில் மச்சம் சமைப்பதற்கென்றே பின்னுக்கு ஒரு கொட்டில் இருந்தது. நான் எங்கே போவேன்? சுவரில் மாட்டலாம் என்று ஆணி வாங்கி அடித்தேன். மண் சுவர் ஆணியைப் பிடிக்காது என்று தெரியாத விசரி நான். மூன்றாம் நாள் ஆணியும், அதில் தொங்கிய சட்டியும், ஒரு கை மண்ணும் சேர்ந்து கொதிக்கிற சொதிக்குள் விழுந்தன. பிறகு மூங்கிலில் ஒரு அகப்பைக்கூடு செய்வித்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். எல்லா அகப்பையும் அதற்குள்ளேதான். மச்ச அகப்பைக்கு அடையாளமாகக் காம்பில் ஒரு சூடு வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அந்த வருஷ ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருக்கும் நாள். உன் அப்பா விடிய எழும்பிக் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, செய்ய வேண்டியதைச் செய்து, வரும் வழியில் மாமியையும் வண்டிலில் கூட்டிக்கொண்டு வந்தார். நான் காத்தோட்டிக்காய் பொரித்து, ஏழெட்டுக் கறி வைத்து, காகத்துக்கும் வைத்துவிட்டு, விறாந்தையில் இருவருக்கும் இலை போட்டேன். நீ அப்போது வயிற்றில், ஐந்து மாதம். வெக்கையில் தலை சுற்றியது. உள்ளே ஓடி, கூட்டில் கைக்கு அகப்பட்டதை இழுத்துப் பருப்பை அள்ளிக்கொண்டு வந்து மாமியின் இலைக்கு மேலே நீட்டினேன். மாமி இலையைப் பார்க்கவில்லை, காம்பைப் பார்த்தார்.

"பிள்ளை, உது மச்ச அகப்பையெல்லோ?"

அந்த நேரத்தில் "ஓம் மாமி, தவறிப் போச்சு" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. வந்தது பொய். "இல்லை மாமி, அது அடுப்பிலை பட்டுச் சுட்டது" என்றேன். மாமி என் கையிலிருந்து அகப்பையை வாங்கி ஒருதரம் மணந்து பார்த்தார். நிலத்தில் வைத்தார். எழும்பினார்.

"அகப்பை மாறினால் கழுவிப்போட்டு வேறை சமைக்கலாம். நீ என்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்லுறாய் பிள்ளை. இனி உன்ரை கையாலை நான் எதை நம்பித் தின்னுறது?"

வண்டில் திரும்பி அளவெட்டிக்குப் போய்விட்டது. உன் அப்பாவும் இலையை மடித்துவிட்டு எழும்பினார். அன்றைக்கு முழுக்கத் தண்ணீரோடு கிடந்தார். குறை சொல்லாமல் தின்றது காகம் மட்டும்தான். நான் குசினிக்குள் இருந்து அழுதேன். அழக்கூடக் கால் நீட்ட இடமில்லை, அந்த ஆத்திரத்தில் இன்னும் அழுதேன்.

பொழுதுபட உன் அப்பா வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இஞ்சாரும், இது சரிவராது. தை பிறக்க அளவெட்டிக்குப் போவம். அம்மாடை குசினி பெரிசு. உமக்கும் கரைச்சல் இல்லை." தை பிறக்க! நீ எழுதிய அதே சொல். உன் கடிதத்தில் அதைப் பார்த்தவுடன் எனக்கு இரத்தம் கொதித்தது ஏனென்று இப்போது விளங்குகிறதா? அவரும் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஏன் போக மாட்டேன் என்று நின்றேன் தெரியுமா? மாமியில் பயத்தால் அல்ல, பயமும் இருந்ததுதான். உன் அப்பா ஊருக்குள் அதிகம் கதைக்காத மனிதர். ஆனால் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, என் குசினி வாசல்படியில் குந்தியிருந்து, ஒரு மூக்குப்பேணி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்கிற கதை இருக்கிறதே, அதற்காகவே நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன். எந்தக் கன்றில் பூச்சி பிடித்தது, கிணற்றுத் துலாவில் எவன் வழுக்கினான், பக்கத்துத் தோட்டக்காரன் என்ன புழுகினான் என்று எல்லாம் எனக்குத்தான் சொல்வார். அளவெட்டி வீட்டில் ஆம்பிளைகள் குசினிப் பக்கம் வர மாட்டார்கள். அந்தப் பெரிய குசினியில் எனக்கு இடம் இருந்திருக்கும், அவருக்கு இருந்திராது. என் புருஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும் தம்பி. இந்த வயதில் மகனுக்கு இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

"கந்தசஷ்டி மட்டும் பொறுங்கோ" என்றேன். "மாமி ஆறு நாளும் உபவாசம் இருந்திட்டு, ஏழாம் நாள் விரதம் முடிக்கிற பாறணை எங்கடை குசினிச் சோறு. மாமி ஒரு பிழை பிடிச்சாலும் போதும், நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு அளவெட்டிக்கு வாறன்." அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன். மாமி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார். "மாமி, அது மச்ச அகப்பைதான். நான் பொய் சொன்னனான்" என்று நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த மிளகாயைப் போட்டுவிட்டு எழும்பினார். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து தந்தார். பாறணைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "வாறன். வந்து குசினியைப் பாத்திட்டுத்தான், இருக்கிறதோ எழும்பிறதோ எண்டு சொல்லுவன்" என்றார்.

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன செய்வது என்று ஒன்றும் தெரியாது. பத்து நாள் குசினியைப் பார்த்தபடி இருந்தேன். ஒருநாள் அறையில் விளக்கு வைக்கப் போனபோது விளக்கு மாடத்துக்குள் கை வைத்தேன், முழங்கை வரை உள்ளே போனது. அந்த மண் சுவர் ஒரு முழத்துக்கு மேலே தடிப்பு! விளக்குக்கு இடம் விட்ட சுவர் உப்புக்கும் புளிக்கும் விடாதா? எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் காலை மண் கிண்டுகிற இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிச் சுவரில் ஒரு குத்துக் குத்தினேன். சத்தம் கேட்டு உன் அப்பா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, என்ன காரியம் செய்யிறீர்! சீதன வீட்டை இடிக்கிறீரோ? பிள்ளைத்தாச்சி அலவாங்கு தூக்கிறதோ?"

"அப்ப நீங்கள் தூக்குங்கோ" என்று நீட்டினேன்.

தூக்கினார். அதுதான் உன் அப்பா. தூண் நிற்கிற இடங்களை விட்டுவிட்டு, இடையிடையே மேல்பக்கம் வளைவாக மாடம் வெட்டி, களிமண் பூசி, சாணி மெழுகித் தந்தார். மூன்று நாள் வேலை. ஆனால் எல்லாவற்றையும் தன் கண் உயரத்தில் வெட்டிவிட்டார்! நீட்டின கையோடும் வயிற்றோடும் நான் எக்கி எக்கிப் பார்க்கிறேன், உப்புப் பானையின் அடி மட்டும்தான் விரலில் படுகிறது. "நீங்களோ இஞ்சை சமைக்கப் போறது?" என்று கேட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அடைத்து, என்னைச் சுவரோடு நிறுத்தி, என் கை வளையாமல் எட்டுகிற இடத்தில் கரியால் கோடு போட்டு, திரும்ப வெட்டினார். அந்தக் கோட்டுக்குப் பிறகு அவர் ஒரு பிழையும் விடவில்லை.

அகப்பைக்கூட்டைக் கழற்றி எறிந்தேன். அடுப்புக்கு முன்னால் கிழக்குப் பார்த்துக் குந்தினால் என் வலக்கைப் பக்கத்துச் சுவர் முழுக்கச் சைவம், இடக்கைப் பக்கத்துச் சுவர் முழுக்க மச்சம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. மாடத்துக்குள் பானைகள். அதற்கு மேலே ஒரு பனஞ்சலாகை, அதைச் சுவரில் அடிக்காமல் கூரைத் தூணோடு தூண் கயிற்றால் கட்டி, அதில் முளை இறுக்கிச் சட்டி, அகப்பை, சல்லடை. சுளகும் பெட்டியும் சுவரோடு சாய்ந்து நின்றபோது நிலத்தில் அவை பிடித்த இடம் எவ்வளவு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மச்சச் சுவருக்கு மேலிருந்து கீழே ஒரு பழைய ஓலைப் பாய். விரத நாளில் இறக்கிவிட்டால் மச்சம் என்ற ஒன்று அந்த வீட்டிலேயே இல்லை. பிறகு பழகினேன். நான் கண்ணை மூடிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருப்பேன். உன் அப்பா வாசல்படியில் இருந்து "உப்பு! சைவ அகப்பை! மச்ச மூடி!" என்று கூப்பிடுவார். நான் கையை நீட்டி எடுப்பேன். ஏழு நாளில் ஒன்றும் பிழையாகவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த என் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கள் ரெண்டு பேருக்கும் பேய் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. சஷ்டி தொடங்க நாலு நாள் இருக்கையில் வடக்குப் பக்கச் சுவர் ஊறி, மேல் மாடம் ஒன்று இடிந்து, மச்சப் புளிப்பானை நிலத்தில் விழுந்து சிதறியது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "பேசாமல் பெட்டியைக் கட்டடி" என்றாள். எனக்கும் அன்றைக்குப் பெட்டியைக் கட்டலாமோ என்று வந்தது, பொய் சொல்ல மாட்டேன். உன் அப்பா மழைக்குள்ளே இறங்கி, கிடுகு கொண்டுவந்து தாழ்வாரத்தை இரண்டு முழம் வெளியே இழுத்துக் கட்டினார். அடுப்பில் விறகு அணையாமல் இரண்டு நாள் எரித்து அந்தச் சுவரைக் காயவைத்து, திரும்பக் களிமண் பூசினார். "அளவெட்டிக்குப் போவம் எண்டு சொன்ன மனிசன் எங்கை?" என்று கேட்டேன். "உம்மடை மாடம் விழுந்தால் என்ரை மாடமும்தான்" என்றார். அப்போதே நான் பாதி வென்றுவிட்டேன்.

சூரன்போர் முடிந்த மறுநாள் காலை வண்டில் வேலிப் படலையில் வந்து நின்றது. மாமி ஆறு நாள் பட்டினியில் வாடிப் போயிருந்தார், கண் மட்டும் அப்படியே கூராக இருந்தது. கால் கழுவிக்கொண்டு நேரே குசினிக்கு வந்தார். அன்றைக்குத்தான் முதல்முறை உள்ளே கால் வைத்தார். வைக்க இடம் இருந்தது! நிலம் முழுக்க மெழுகி, வெறுமையாகக் கிடந்தது. வலப்பக்கச் சுவரை ஒவ்வொரு மாடமாகப் பார்த்தார். ஒவ்வொரு அகப்பைக் காம்பாகப் பார்த்தார்.

"மச்சச் சட்டி எங்கை?"

"அந்தப் பாய்க்குப் பின்னாலை மாமி."

"ஒண்டும் இஞ்சாலை இல்லையோ?"

"இல்லை மாமி. இது உண்மை."

மாமி பாயை விலக்குவார் என்று நினைத்தேன். விலக்கவில்லை. கிட்ட வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்ததைவிட அதிக நேரம் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு குசினி நடுவில், அந்த வெறும் நிலத்தில், காலை மடித்துச் சப்பாணி கொட்டி இருந்துவிட்டார்.

"விறாந்தை வேண்டாம். இஞ்சையே இலையைப் போடு" என்றார். நான் இலை போட்டேன். பருப்பு விட்டேன், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். மாமி ஒரு வாய் வைத்தார். பிறகு தலையைத் திருப்பி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்: "தம்பி, ஏனடா வெளியிலை நிக்கிறாய்? உள்ளை எவ்வளவு இடம் கிடக்கு. வா, நீயும் இரு."

உன் அப்பா உள்ளே வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு இலைக்கும் நடுவில் நான் குந்தியிருந்து பரிமாறினேன். மூன்று பேர், ஒரு அடுப்பு, ஒரு குருவிக்கூடு! மாமி பருப்பு இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். நான் வென்றேன் தம்பி, சத்தமில்லாமல் வென்றேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அந்த நாற்சார் வீட்டை அப்படியே எழுதித் தந்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். அடுத்த மாதமே அளவெட்டியிலிருந்து ஆள் வந்தது. என்ன செய்தி? "தம்பியை அலவாங்கோடை வரச் சொல்லுங்கோ, அம்மா குசினியிலை மாடம் வெட்ட வேணுமாம்." நானும் உன் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தை பிறந்தது. புத்தூரில்தான் பொங்கினோம். அதற்கு முன்னமே நீயும் இந்த வீட்டில்தான் பிறந்திருந்தாய்.

இனி உன் வீட்டுக் கதைக்கு வருவோம். வாடகை வீட்டுச் சுவரில் மாடம் வெட்ட முடியாது, ஆணி அடித்தால் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அடிக்காதே. கூரை வளை மரத்திலிருந்து கயிறு இறக்கிச் சலாகையைச் சுவரோடு தொங்கவிடு, பாரம் வளைக்குத்தான், சுவருக்கு இல்லை. கதவின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, சுளகை அங்கே கொளுவு. மண்ணெண்ணெய்த் தகரங்களை நெடுக வெட்டி, ஓரத்தைத் தட்டி மடித்து, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டினால் அரிசி, பருப்பு, தூள் எல்லாம் அதற்குள். யன்னலுக்கு மேலே கிடக்கிற இடத்தில் கொண்டாட்டத்துக்கு எடுக்கிற பெரிய பாத்திரம். சைவத்துக்கு ஒரு சுவர், மச்சத்துக்கு ஒரு சுவர், இதில் மட்டும் உன் இங்கிலிசுப் படிப்பைக் காட்டாதே. நிலத்தில் அடுப்பையும் ஆட்களையும் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது.

இன்னும் ஒரு பிழை சொல்ல வேண்டும், இது பழையதல்ல. உன் கலியாணப் பேச்சு நடந்தபோது புவனத்தின் தாயிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "பெரிய வீட்டிலை வளந்த பிள்ளை, கொழும்பிலை சின்னக் குசினியிலை சமாளிப்பாளோ?" புவனம் கதவுக்குப் பின்னால் நின்றதை நான் கண்டேன். கண்டும் கேட்டேன். மாமியாரானவுடன் எனக்கு எங்கிருந்து அந்த நாக்கு வந்ததோ தெரியவில்லை. அந்தப் பிள்ளை இன்றைக்கு இடமில்லை என்று வாய் திறக்காமல் பாடுபடுகிறாளென்றால் அதற்கு நானும் காரணம். கடிதத்தில் இந்த இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. மாமி மன்னிப்புக் கேட்கிறா என்று சொல்லு. வெட்கப்பட்டு விட்டுவிட்டுப் போகாதே, முழுக்க வாசி.

வாசித்து முடித்ததும் அவளைக் கேள். ஊருக்குப் போகிறாயா என்று கேளாதே, அவள் உனக்காக ஓம் என்றுதான் சொல்வாள். இங்கே என்ன எங்கே வேண்டும் என்று கேள். அவளைச் சுவரோடு நிறுத்தி, கை வளையாமல் எட்டுகிற இடத்தில் கரியால் கோடு போடு. நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை ஒரு நூல் பிடித்து, வெட்டி, உறைக்குள் வைத்து அனுப்பு. உன் அப்பா பின்வளவில் பனஞ்சலாகை சீவத் தொடங்கிவிட்டார், இந்த வரியை எழுதும்போதே சத்தம் கேட்கிறது. எந்த உயரத்துக்குக் கயிறு விடுவது என்று தெரியாமல் என்னைத் தொல்லைப்படுத்துகிறார். சலாகையும் கயிறும் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் ரயிலேறி வருகிறோம். நான் குசினி பார்க்க வரவில்லை என்று என் மருமகளுக்குச் சொல்லு, பசியோடு வருகிறேன் என்று சொல்லு.

தை பிறக்க அவளை அனுப்பாதே. அந்த நூலை அனுப்பு.

உன் அம்மா